இரண்டாவது கார் வேண்டுமா? கடைசி பஸ்ஸைக் கேளுங்கள்

கேள்வி: நகரின் நடுவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கார் ஒன்றுதான். இப்போது புறநகரில் சொந்த வீடு பார்த்திருக்கிறோம். ரயில் நிலையம் 3 கிலோமீட்டர். பஸ் நிறுத்தம் ‘பக்கத்திலேயே’ என்கிறார் விற்பவர். நானும் கணவரும் வெவ்வேறு திசையில் வேலைக்குப் போகிறவர்கள். 14 வயதில் மகள், கூடவே மாமியார். இன்னொரு கார் வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் கணவர். பஸ், ரயிலை நம்பி வாழ முடியாதா?

பதில்: அந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ், இரவில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இந்த இரண்டும் தெரியாமல் உங்கள் வீட்டு வழக்கில் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. விற்பவர் இரண்டையும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் நேரம் பார்க்காமல் கிளம்பலாம். சராசரியாக 5 நிமிடம் நிற்பீர்கள். அரைமணிக்கு ஒன்று என்றால் உங்கள் நாளையே பஸ்தான் நடத்தும். அதிலும் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறுகிறவர்களின் பாடு தனி. பஸ் 4 நிமிடம் தாமதம், ரயில் கண்ணெதிரே நகர்கிறது, அடுத்தது அரைமணி கழித்து. 4 நிமிடம் 30 ஆகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் 1982இல் நாடு முழுவதும் ரயில்களை ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வருமாறு அமைத்தார்கள். 8.07க்கு வருவது 9.07க்கும் 10.07க்கும் வரும். அந்த நிமிடத்தை ஒட்டிப் பஸ்ஸையும் விட்டால் போதும், சிற்றூர்க்காரரும் இணைப்பைத் தவறவிடுவதில்லை. உங்கள் கால அட்டவணையிலும் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 20 நிமிட இடைவெளியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ‘பக்கத்திலேயே’ என்ற சொல். நிதானமாக நடந்தால் நிமிடத்துக்கு 80 மீட்டர். பஸ்ஸுக்காகப் பெரும்பாலோர் நடக்கத் தயங்காத தூரம் 400 மீட்டர், அதாவது 5 நிமிடம். ஆனால் புறநகர்த் தெருக்கள் பல, முட்டுச்சந்தாகவே போடப்படுகின்றன. வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தால் 300 மீட்டரில் இருக்கும் நிறுத்தத்துக்கு, மதில்களைச் சுற்றிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடக்க நேரும். நானே ஒருமுறை ‘நிலையத்திலிருந்து 5 நிமிடம்’ என்ற பேச்சை நம்பி வீடு எடுத்தேன். அது காரில், அதுவும் நள்ளிரவில், 5 நிமிடம். உங்கள் 3 கிலோமீட்டர் நடைக்கு உதவாது. சைக்கிளில் 12 நிமிடம்தான். நிலையத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்கப் பத்திரமான இடம் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இனி, கார். அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் காப்பீடு, கடன் வட்டி, ஆண்டுக்கு ஆண்டு குறையும் விலை எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டுகிறவரின் கார்கூட மீதி 23 மணி நேரம் சும்மாதான் நிற்கிறது. இதில் ஒரு மாயக்கணக்கும் உண்டு. வாங்கிய பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் கண்ணில் படுவது பெட்ரோல் செலவு மட்டுமே. அதை டிக்கெட்டோடு ஒப்பிட்டால் கார்தான் மலிவாகத் தெரியும். பெரிய தொகையை முன்பே கட்டிவிட்டது நினைவுக்கு வராது. அதனால்தான், அவசரத்துக்கு மட்டும் என்று வாங்கிய இரண்டாவது கார் இரண்டே மாதத்தில் எல்லாவற்றுக்கும் என்றாகிவிடுகிறது.

என் கருத்து: முதல் காரை விற்காதீர்கள், இரண்டாவதை இப்போதே வாங்காதீர்கள். உங்களில் யாருடைய அலுவலகத்துக்கு நேர் ரயில் இருக்கிறதோ அவர் ரயிலில் போகட்டும், மற்றவருக்குக் கார். இரண்டாவது காருக்கான மாதத் தவணையை ஆறு மாதம் தனியே எடுத்து வையுங்கள். மழைக்கும் அவசரத்துக்கும் வாடகைக் கார் பிடிக்க அதில் ஒரு பகுதி போதும். ஆனால் பஸ் மணிக்கு ஒன்றுதான், இரவு 8 மணியோடு சரி என்றால், தயங்காமல் வாங்கிவிடுங்கள். வராத பஸ்ஸுக்காக விரதம் இருக்க வேண்டியதில்லை.

மகளையும் மாமியாரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் கார் ஓட்டப்போவதில்லை. பஸ் இல்லாத இடத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும், ஒவ்வொரு மருத்துவர் சந்திப்புக்கும் உங்களில் ஒருவர் சம்பளமில்லாத ஓட்டுநர். எத்தனை கார் வாங்கினாலும் அந்த வேலை குறையாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலைநாள் காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பாருங்கள். பிறகு ஒரு ஞாயிறு இரவு கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி வீடு வரை நடந்து பாருங்கள். மகளையும் அழைத்துச் செல்லுங்கள்; அந்தத் தெருவில் தனியாக வருவாளா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.