உளவரை தூக்காத உதவி

அன்புள்ள ஐயா,

யார் உதவி கேட்டாலும் எனக்கு மறுக்க வராது. நண்பர் ஒருவர் குடும்பப் பிரச்சினையில் இருக்கிறார். இரவு பதினொன்றுக்குப் போன் செய்தால் வைக்க ஒன்றரை ஆகிவிடும். பல மாதமாக இப்படித்தான். அலுவலகத்தில் அடுத்தவர் வேலையும் என் தலையில். கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்புவதில்லை. ரத்த அழுத்தம் வேறு வந்துவிட்டது. போன வாரம் மகள் கணக்கு நோட்டோடு வந்தபோது காரணமே இல்லாமல் கத்திவிட்டேன். விலகலாமா என்று நினைத்தாலே குற்ற உணர்வு. ‘இடனில் பருவத்தும் ஒப்புரவிற்கு ஒல்கார்’ என்று படித்து வளர்ந்தவன் நான். மறுப்பது சுயநலமா?

க.

அன்புள்ள க.,

குறளை இழுக்காமல் இருந்திருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன். இழுத்துவிட்டீர்கள், மாட்டிக்கொண்டீர்கள்.

நீங்கள் சொன்னது 218. கை வறண்ட காலத்திலும் கடமை அறிந்தவர்கள் உதவத் தளரமாட்டார்கள் என்கிறார். சரி. அதே மனிதர்தான் 480இல் ‘உளவரை தூக்காத ஒப்புரவாண்மை வளவரை வல்லைக் கெடும்’ என்கிறார். இருப்பதை எடைபோடாமல் உதவிக்கொண்டே போனால் வளம் சீக்கிரம் அழியும். முன்னது மேடைக்கு எடுப்பாக இருக்கும். பின்னதை யாரும் சீண்டுவதில்லை.

அதை எங்கே வைத்திருக்கிறார் பாருங்கள். ஈகையில் இல்லை, ஒப்புரவறிதலிலும் இல்லை. பொருட்பாலில், வலியறிதலில். தன் பலம், எதிரி பலம், துணைவர் பலம் எல்லாம் பார்த்துவிட்டு இறங்கு என்று அரசனுக்குச் சொல்லும் அதிகாரம். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வருவது அங்கேதான். வரவு சிறிதானாலும் செலவு அகலாவிட்டால் கேடில்லை என்பதும் அங்கேதான். கடைசி நான்கு குறளும் கொடுப்பது, செலவழிப்பது பற்றியே. பகைவன் பலத்தில் ஆரம்பித்தவர் தருமத்தில் வந்து ஏன் முடிக்கிறார்? எனக்குத் தோன்றுவது இதுதான்: அரசன் அளவு தெரியாமல் வாரிக் கொடுத்தால், அவனை நம்பியிருக்கிற நாடும் சேர்ந்து ஓட்டாண்டியாகும்.

உங்கள் நாடு எது? கணக்கு நோட்டோடு வந்து நின்றதே, அது. அந்த வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது அது ஒன்றுதான். நண்பருக்கு அள்ளிக் கொடுத்த பொறுமையில் பாதி மகளுடையது. அவளைக் கேட்டா கொடுத்தீர்கள்?

ஒருமுறை ரத்தம் கொடுக்கப் போனேன். விரல் நுனியில் குத்திப் பார்த்த பெண், “ஹீமோகுளோபின் 12.5 வேணும் சார், உங்களுக்குப் பதினொண்ணுதான் இருக்கு” என்று பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு ஒரே ரோஷம். கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்புவார்களா! ஆனால் யோசித்துப் பாருங்கள். ரத்தம் கிடைக்காமல் ஆலாய்ப் பறக்கிற இடத்திலேயே, கொடுப்பவரைச் சோதித்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். கொடுத்த பிறகும் இடைவெளி விடச் சொல்கிறார்கள். போன நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் திரும்ப வாரக்கணக்காகும். அந்த நாட்களில் கொடுக்காதவரைச் சுயநலக்காரர் என்று எவரும் சொல்வதில்லை. உங்கள் நண்பருக்கோ உங்கள் விரலில் குத்திப் பார்க்க வழியில்லை. நீங்களும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு “ம், சொல்லு” என்கிறீர்கள். அவருக்கு எப்படித் தெரியும்?

குற்ற உணர்வு வரட்டும், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகும். அலுவலக விவகாரத்தைத் தருமக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பயம். கைமாற்று போனது போனதுதான். இனி, திரும்பாவிட்டாலும் தாங்குகிற அளவுக்கு மட்டும் கொடுங்கள்.

நண்பர் உயிரை விடுகிற பேச்சு பேசினால் நேரம் பார்க்காமல் ஓடுங்கள், கூட நாலு பேரையும் அழைத்துக்கொண்டு. மற்றபடி பத்து மணிக்கு மேல் முடியாது, காலையில் நானே கூப்பிடுகிறேன் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், ரத்த அழுத்தம் என்று எழுதினீர்களே, டாக்டரைப் பார்த்தீர்களா, மாத்திரை போடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுதுங்கள், போதும்.