நீர்ப்பிரமிச் சாறு கலந்த லீஷ்மேனியா தடுப்பூசி: ஊசியிட்ட இடத்தில் புண்

வணக்கம். வேப்பேரியில் ஆய்வு மாணவராக உள்ள தாங்கள், காலா அசார் போன்ற நோய்களை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் புரதத்துடன், நோயெதிர்ப்பைக் கூட்டும் துணைப்பொருளாக நீர்ப்பிரமி மூலிகைச் சாற்றைக் கலந்து சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உயர்ந்ததாகவும், சாறு மட்டும் பெற்றவற்றிலும் ஊசியிட்ட இடம் புண்ணானதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் ஐயப்பட வேண்டியது நீர்ப்பிரமியில் உள்ள, சோப்புபோல் நுரைக்கும் சபோனின் என்ற பொருளை. அது செல்சவ்வின் கொலஸ்டிராலைப் பற்றிச் சவ்வைத் துளைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் மலேரியா தடுப்பூசியில், சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையின் கியூஎஸ்-21 சபோனினைக் கொலஸ்டிரால் கொண்ட லிப்போசோமில் (நுண்ணிய கொழுப்புக் குமிழியில்) சேர்த்திருப்பது இந்த நச்சுத்தன்மையைத் தணிக்கத்தான். ஆகவே சிவப்பணுச் சிதைவுச் சோதனை செய்து, சிதைவு ஏற்படாத அளவிலிருந்து தொடங்குங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியாச் செல்சுவர் நச்சு. சதுப்பில் வளரும் செடியில், குறிப்பாக ஐப்பசி மழைக்குப்பின் பறித்ததில், பாக்டீரியா மிகுந்திருக்கக்கூடும். வழக்கமான நுண்வடிகட்டி கிருமியை நீக்கினாலும் எண்டோடாக்சின் கடந்துசென்று தானே நோயெதிர்ப்பைத் தூண்டுமாதலால், தாங்கள் கண்ட உயர்வு மூலிகையால் விளைந்ததுதானா என்றே சொல்ல இயலாது. எண்டோடாக்சினைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனை செய்யாமல் அடுத்த எலியைத் தொட வேண்டாம்.

மேலும், லீஷ்மேனியா மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால் எதிர்ப்பொருள் மட்டும் போதாது. மண்ணீரல் செல்களில் அந்த மேக்ரோபேஜைத் தூண்டி ஒட்டுண்ணியைக் கொல்லவைக்கும் இன்டர்ஃபெரான்-காமாவையும் அளந்து பாருங்கள்.