ஹட்டன்ல கேரட் போடலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, மதுரைப் பக்கத்துல இருந்து கல்யாணமாகி இலங்கையில ஹட்டனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, வீட்டுக்கு முன்னால துண்டு நெலம் இருக்கு, பகல்ல பேச ஆளில்ல, கேரட் விதை போட்டா வருமா, ஊர்ல இருந்து அம்மாவ விதை அனுப்பச் சொல்லட்டுமான்னு கேட்டிருந்தீங்க. நானும் திண்டுக்கல் பக்கம் பொறந்து நுவரெலியாவுக்கு வாக்கப்பட்டு வந்தவதான், இப்ப எம்புள்ளைங்களே வேலைக்குப் போற வயசாச்சு, அதனால உரிமையோட சொல்றேன்.

தாராளமா வரும். நமக்கு ஊர்ல கேரட்னா ஊட்டியில இருந்து லாரில வர்றது, அது நம்ம வீட்டு வாசல்ல மொளைக்கும்னு நெனச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டோம். ஆனா 1848-லயே சாமுவேல் பேக்கர்ங்கிற வெள்ளைக்காரர் நுவரெலியாவுல பண்ணை வெக்கணும்னு ஆளுங்க, மாடு, விதையெல்லாம் கப்பல்ல கொண்டாந்து எறக்கியிருக்காரு, இன்னைக்கு கந்தப்பளை, ராகலை, வெலிமடைன்னு எங்க பாத்தாலும் கேரட் பாத்திதான். இந்த குளிரு கேரட்டுக்கு ரொம்பப் புடிக்கும்.

மொதல்ல ஒண்ணு, விதைய ஊர்ல இருந்து அனுப்பச் சொல்லாதீங்க. அனுமதி இல்லாம வெளிநாட்டு விதைய உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு 1999-ம் வருசத்து தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுல புடிச்சா அம்மா ஆசையா அனுப்பினது குப்பைக்குத்தான் போகும். இங்க ஹட்டன் டவுன்லயே உரக்கடையில நியூ குரோடா கேட்டு வாங்குங்க, மழை வெயில் ரெண்டையும் ஓரளவு தாங்குற ரகம். பாக்கெட்டுல தேதி பாத்து வாங்கணும், கேரட் விதைக்கு ஆயுசு கம்மி, பழசா இருந்தா பாதிக்குப் பாதி மொளைக்காது.

அடுத்து, வீட்டு முன்னாடி இருக்கற நெலம்னாலும் அது எஸ்டேட்டு நெலமா, உங்க மாமியார் ஏற்கனவே எதாச்சும் போட்டுட்டு இருக்காங்களான்னு கேட்டுக்கிட்டு மண்ணுல கைய வைங்க. தேயிலை ஓரமா வெட்டி நீட்டுனா தோட்ட நிர்வாகத்தோட பிரச்சனையாயிரும், புதுசா வந்த மருமகளுக்கு அந்த வம்பு வேண்டாம்.

எப்ப போடறதுங்கறதுதான் இங்க பெரிய விஷயம். மதுரையில தண்ணி எப்ப வரும்னு காத்திருப்போம், ஹட்டன்ல மழை எப்ப விடும்னு காத்திருக்கணும். உங்க பக்கம் தென்மேற்கு மழை மே கடைசியில புடிச்சா செப்டம்பர் வரைக்கும் விடாது, அந்த நேரம் விதை போட்டா மேல் மண்ணோட விதையும் ஓடிரும், தப்பிச்சதும் அழுகிரும். ஜனவரி கடைசியில போட்டீங்கன்னா மூணு மாசம், மூணரை மாசத்துல, மழைக்கு முன்னாடி புடுங்கிரலாம். நுவரெலியாவுல எங்களுக்கு அந்த ஜனவரி பிப்ரவரியில சில நாள் காலையில புல்லெல்லாம் வெள்ளையா பனி உறைஞ்சு கிடக்கும், குருத்து கருகும், அதனால நாங்க கொஞ்சம் தள்ளிப் போடுவோம், ஹட்டன் அவ்வளவு உசரம் இல்ல, உங்களுக்கு அந்தப் பயம் இல்ல. பண்டாரவளை பக்கம் சொந்தக்காரங்க வேற மாசம் சொன்னா குழம்பாதீங்க, அது ஊவா மாகாணம், அங்க மழை வர்ற காலமே வேற.

மண்ணு வேலைதான் முக்காவாசி. தேயிலை வெளைஞ்ச மண்ணு புளிச்ச மண்ணு, கேரட்டுக்கு அது ஆகாது, விதை போடறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே டொலமைட் (புளிப்பக் கொறைக்கற சுண்ணாம்புத் தூள் மாதிரி) வாங்கி சதுர மீட்டருக்கு ரெண்டு கைப்புடி மாதிரி தூவி நல்லா கலந்து விடுங்க. பக்கத்து வீட்டுல முள்ளு இருக்கும் (தேயிலைக்கு மண்ணு கிளர்ற இரும்புதான்), அத எரவல் வாங்கி ஒரு அடி ஆழத்துக்குக் கிளறி, கல்லு, வேரு, கட்டி எல்லாத்தையும் பொறுக்கிருங்க, சோம்பல் படாதீங்க, கீழ ஒரு சின்னக் கல்லு தட்டுப்பட்டாலே கேரட் ரெண்டு காலு மூணு காலா பிரிஞ்சுரும். பச்சை சாணி போட்டாலும் அப்படித்தான் பிரியும், நல்லா மக்கினத மட்டும் போடுங்க. யூரியாவ அள்ளிப் போட்டா தழை இடுப்பு வரைக்கும் வரும், கீழ ஒண்ணும் இருக்காது. பாத்திய சரிவுக்குக் குறுக்கால, ஒரு முழம் இல்ல, ஒரு சாண் ஒசரம் வெச்சு கட்டுங்க, சரிவோட சேத்து நேரா கட்டினா ஒரு மழைக்கே மண்ணெல்லாம் கீழ் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுங்க) போயிரும்.

கத்தரி தக்காளி மாதிரி நாத்து விட்டுப் புடுங்கி நடற பழக்கம் நமக்கு, கேரட்டுக்கு அது ஒத்து வராது, நுனி வேரு ஒடஞ்சா கோணிக்கும், அதனால நேரா பாத்தியில போடணும். விரலால ஒரு சாண் இடைவெளிக்குக் கோடு கிழிச்சு, காஞ்ச மணலோட விதையக் கலந்து தூவி, அரை விரக்கடை மண்ணு மேல போதும். நடுநடுவுல நாலு முள்ளங்கி விதையும் போடுங்க, அது நாலஞ்சு நாள்ல மொளைச்சு வரிசை எங்க இருக்குன்னு காட்டிக் குடுக்கும், கேரட் பத்து நாளும் எடுக்கும், குளிரா இருந்தா மூணு வாரமும் எடுக்கும். அதுவரைக்கும் மேல் மண்ணு காயவே கூடாது, ஈரச் சாக்கு போட்டு மூடி வெச்சு தெனம் தூக்கிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு மொளை தெரிஞ்ச அன்னைக்கே சாக்க எடுத்துரணும்.

மொளைக்கறப்ப புல்லுன்னு நெனச்சு புடுங்கிராதீங்க. மொத ரெண்டு இலை நூலு மாதிரி மெலிசா நீளமா வரும், மூணாவது இலைதான் கொத்தமல்லி மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், அதக் கிள்ளி கசக்கிப் பாத்தா கேரட் வாசம் அப்படியே வரும். அந்த வாசம் வந்த பிறகு களை எடுங்க.

அப்புறம் கலைச்சு விடறது. இது மனசுக்குக் கஷ்டமான வேலைதான், நாமளே மொளைக்க வெச்சத நாமளே புடுங்கணும், ஆனா செய்யாம விட்டா எல்லாம் ஈர்க்குச்சி மாதிரிதான் இருக்கும். ஒரு தடவை இலை மூணு வந்ததும், இன்னொரு தடவை வேரு பென்சில் கனம் ஆனதும், செடிக்குச் செடி மூணு விரல் இடைவெளி இருக்கற மாதிரி. ரெண்டாவது தடவை புடுங்கறத தூக்கிப் போடாதீங்க, இளசா கொழம்புக்குப் போடலாம், தழைய தேங்காப்பூ போட்டு சுண்டிக்கலாம், வீட்டுல கேட்டு வாங்கிச் சாப்பிடுவாங்க.

தலை மண்ணுக்கு மேல தெரிஞ்சா பச்சையாகி கசக்கும், மண்ண அணைச்சு விடுங்க. தண்ணி ஒரு வாரம் காயப் போட்டு அடுத்த நாள் வெள்ளமா ஊத்தினா கேரட் வெடிக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஒரே சீரா விடணும். ராத்திரியில முள்ளம்பன்னியும் காட்டுப்பன்னியும் வரும், வேலி அடியில இடுக்கு இல்லாம தகரம் வெச்சு அடைக்கச் சொல்லுங்க வீட்டுக்காரர. மத்தபடி இலையில புள்ளி கருகல் வந்தா கடைக்காரர் குடுக்கற மருந்த உடனே அடிக்காதீங்க, 1920-க்கு போன் பண்ணுங்க, அது விவசாயத் திணைக்களத்தோட இலவச ஆலோசனை நம்பர், இல்லன்னா கமநல சேவை நிலையத்துல விவசாயப் போதனாசிரியர் இருப்பார், இலையக் கொண்டு போய்க் காட்டுங்க.

பேச ஆளில்லன்னு சொன்னீங்களே, அதுக்கும் இதுலயே வழி இருக்கு தங்கச்சி. ஒரு பாக்கெட் விதை உங்க துண்டு நெலத்துக்கு ரொம்ப அதிகம், அடுத்த வருசத்துக்கு வெச்சா வீரியம் கொறைஞ்சுரும், வெளிநாட்டுல இருந்து வர்ற விதை, வெலையும் ஜாஸ்தி. அதனால பாதிய ஒரு தாள்ல மடிச்சு எதுத்த வீட்டு அக்காகிட்டக் குடுங்க. முள்ளு எரவல் கேக்கப் போறதும் அவங்ககிட்டதானே. வேலை விட்டு வர்ற சாயங்கால நேரம் பாத்துப் போங்க, பகல்ல போனா எல்லாரும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருப்பாங்க.