"எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால்

தம்பி, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பேர் கேட்ட கையோடு எல்லாரும் "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள், மதம் மாற்றப் பார்க்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள் என்றுதான் சொல்வேன். நான் இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. முதலில் எனக்கும் அந்தக் கேள்வி சுருக்கென்றுதான் தைத்தது. சிலருக்கு உங்களைத் தங்கள் பக்கம் இழுக்கும் ஆசை இருக்கலாம். "எங்களுக்குக் கோயில் இருக்கிறது" என்று சிரித்தபடி சொன்னால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். மற்றபடி, நம் ஊரில் "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்களே, அந்த மாதிரிதான் இது.

அதிலும் கறுப்பின மக்களின் சர்ச் என்றால், அதன் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் அவர்கள் கூடிப் பேசவும் பணம் சேர்க்கவும் சொந்தமாக இருந்த பெரிய கட்டடம் அநேகமாக அது ஒன்றுதான். போதகருக்குச் சம்பளம் கொடுத்ததும் அந்தச் சபைதான். வெள்ளைக்கார முதலாளி யாரையும் வேலையை விட்டுத் தூக்கலாம், போதகரைத் தூக்க முடியாது. மார்ட்டின் லூதர் கிங் மாதிரி ஆட்கள் போதகர்களிடையே இருந்து எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1955 டிசம்பர் 1 அன்று இதே அலபாமாவின் மான்ட்கமரி நகரப் பேருந்தில், ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளைக்காரருக்காக இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதானார். அன்று ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை கண்விழித்து, பேருந்தில் ஏறாதீர்கள் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகள் அச்சடித்தார். 5ஆம் தேதி பேருந்துகள் காலியாக ஓடின. அன்று மாலை ஹோல்ட் தெரு சர்ச்சில் உள்ளே இடமில்லாமல் கூட்டம் தெருவில் நின்றது. பகிஷ்காரம் 381 நாள் நடந்தது. ஜனங்களை ஏற்றிப் போக சர்ச்சுகள் பேரில் வண்டிகள் வாங்கினார்கள். பெட்ரோலுக்குக் காசு?

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் வருகிறார். ஜார்ஜியா கில்மோர், சமையல்காரம்மா. 1955 அக்டோபரில், பேருந்தின் முன்வாசலில் காசு கொடுத்த இவரை இறங்கிப் பின்வாசலால் ஏறச் சொல்லிவிட்டு, அவர் இறங்கியதும் ஓட்டுநர் பேருந்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பகிஷ்காரத்தின்போது இந்த அம்மா மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொரித்த கோழி, கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை எல்லாம் செய்து விற்றார். பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் துருவக் கூடாது, செய்து கொடுத்த பெண்களின் வேலைக்கும் ஆபத்து வரக் கூடாது. அதனால் அந்தக் குழுவுக்கு வைத்த பெயரே 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்ற பொருளில்தான். சர்ச்சில் கூட்டம் நடக்கும் இரவில் அந்தப் பணத்தைக் கொண்டுவந்து தொகையைச் சொல்வார், சனம் ஆர்ப்பரிக்கும். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக வேலை போனது. அப்புறம் வீட்டிலேயே சமைத்து விற்றுப் பிழைத்தார். இந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது அந்த அடுப்படியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா ஊரில் சர்ச்சிலிருந்து கிளம்பி வாக்குரிமைக்காக நடந்தவர்களைப் பாலத்தில் போலீஸ் அடித்து நொறுக்கியது. எட்டு நாள் கழித்து ஜனாதிபதி ஜான்சன் நாடாளுமன்றத்தில் நின்று, அவர்கள் பாடிக்கொண்டிருந்த 'வீ ஷேல் ஓவர்கம்' (நாம் வெல்வோம்) என்ற வரியைத் தன் வாயால் சொன்னார். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதே வேகத்தில், அக்டோபர் 3 அன்று புதிய குடியேற்றச் சட்டமும் கையெழுத்தானது. அதற்கு முன் இந்தியாவுக்கு என்று ஒதுக்கியிருந்தது வருடத்துக்கு 100 பேர். நீங்களும் நானும் இந்த ஊருக்கு வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

இன்னொன்று, என் சொந்த அனுபவம். எங்கள் தெருமுனையில், பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு விடியற்காலையில் நிற்கும் இடத்தில் விளக்கே கிடையாது. இரண்டு வருடம் ஊர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேள்விப்பட்டு, "ஞாயிறு சாப்பாட்டுக்கு வா" என்றார். ஆராதனை முடிந்து, தட்டில் கொலார்டு கீரையும் சோளரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் விஷயத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எடுத்துச் சொன்னார். அடுத்த ஊர்மன்றக் கூட்டத்துக்கு என்னோடு இருபது பேர் வந்தார்கள், பாதிப் பேர் தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. மூன்று நிமிடம் நான் பேசினேன், அவர்கள் பின்னால் எழுந்து நின்றார்கள். ஆறு வாரத்தில் விளக்கு வந்தது.

ஆக, கூப்பிட்டால் வெறுங்கையோடு போகாதீர்கள். எலுமிச்சை சாதம் நன்றாகப் போகும், மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள். வேர்க்கடலை போட்டிருந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் மேல் ஒட்டிவிடுங்கள், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பாத்திரத்தை அன்றே கேட்டு வாங்க வேண்டாம். யாராவது கழுவி, அதில் ஏதாவது போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.