வில் மாற்றுவது பற்றி: கேள்வி பதில்

கே: சார், மூன்று வருஷமாக மூங்கில் வில்லில் இந்தியன் ரவுண்ட் என்ற வில்வித்தைப் போட்டி ஆடுகிறேன். அடுத்தது ரீகர்வா, காம்பவுண்டா?

ப: ரீகர்வ், அதாவது முனைகள் முன்னோக்கி வளைந்த வில். காம்பவுண்ட் முனைகளில் சக்கரம் வைத்தது, அதில் நாணை விடுவது ஒரு கருவி. ரீகர்வில் விரலால் நாணை விடும் பழக்கம் அப்படியே கைகொடுக்கும். ஆனால் குறிபார்க்கும் சைட், முழுதாக இழுத்ததும் 'கிளிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர், 70 மீட்டர் தூரம் எல்லாம் புதிது. கிளிக்கர் படிய மாதக்கணக்கில் ஆகும், பதறாதீர்கள்.

கே: அண்ணா, காம்பவுண்டில் 50 பவுண்ட் இழுக்கிறேன். ரீகர்வும் அதே எடையில் வாங்கலாமா?

ப: வேண்டாம் தம்பி. காம்பவுண்டில் அந்த 50 நடுவழியில்தான். முனையிலுள்ள சக்கரம் (கேம்) திரும்பியதும் இழுக்கும் எடை 80 சதவீதம் குறைகிற வில்லில், கையில் நிற்பது 10 பவுண்ட். ரீகர்வில் தாடைக்கு வந்த பிறகுதான் முழு எடையும் கையில் இருக்கும். 26, 28-ல் ஆரம்பியுங்கள். கௌரவம் பார்த்தால் தோள் போய்விடும்.

கே: ரீகர்விலிருந்து காம்பவுண்டுக்கு வந்தேன். நாணை விடும் கருவியின் பட்டனை அழுத்தும் நேரத்தில் கை வெடுக்கென்று உதறுகிறது.

ப: அழுத்துகிறீர்களே, அதுதான் வியாதி! எனக்கும் இருந்தது. சைட் புள்ளி நடு மஞ்சளுக்குள் வந்ததும் கட்டைவிரல் படக்கென்று அடிக்கும், அம்பு சிவப்பில் போய் நிற்கும். கோச் டார்கெட் தாளையே கழற்றிவிட்டு, பலகைக்கு மூன்று மீட்டரில் நிறுத்தி, கண்ணை மூடி விடச் சொன்னார். விரலைப் பட்டனில் சும்மா வைத்துவிட்டு, முழங்கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது விடுபடும் என்று நமக்கே தெரியக்கூடாது. மூன்று வாரம் இதையே செய்தேன். சலிப்புதான், ஆனால் வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

கே: காம்பவுண்டுக்கு மாறினால் பழைய ரீகர்வ் அம்புகளையே வைத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. விரல் விடும்போது நாண் பக்கவாட்டில் நழுவுவதால் அம்பு இடவலமாக நெளியும், அதற்கேற்ற ஸ்பைன் (அம்பின் விறைப்பு) அது. விறைப்புக் குறைந்த அம்பைக் காம்பவுண்டில் பூட்டினால் வில்லிலேயே உடைந்து கையில் ஏறலாம். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

கே: மகள் காம்பவுண்ட் கேட்கிறாள். ஒலிம்பிக்கில் அது கிடையாதே?

ப: 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் வருகிறது, கலப்பு அணிப் பிரிவில் மட்டும். பாராலிம்பிக்கில் முன்பே உண்டு. கைகளில்லாத நம் வீராங்கனை ஷீத்தல் தேவி காலால் பிடித்து எய்வது காம்பவுண்ட்தான்.

கே: தோழியின் காம்பவுண்டைச் சும்மா இழுத்துப் பார்க்கலாமா?

ப: அவர் இழுவை நீளம் உங்களுக்குப் பொருந்தாது. அம்பில்லாமல் கை தவறி விட்டால் கேம் வளையும், நாண் கழன்று தெறிக்கும். செலவு உங்கள் தலையில்.