கொள்ளிடத்தில் அள்ளிய மணலை அடுத்த வெள்ளம் நிரப்பிவிடுமா?

கேள்வி: ஓடும் தண்ணீர் மணலை எப்படி நகர்த்துகிறது? ஆற்றில் மணல் எடுத்தாலும் அடுத்த வெள்ளத்தில் தானாக நிரம்பிவிடும் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: குழி தூர்ந்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதைத் தூர்த்த மணல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் கொள்ளிடக் கரைக்காரன், பாசனப் பொறியியல் படித்தவன். இந்த ஒரு கேள்விக்காகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஆற்றில் தெளிந்த தண்ணீர் கணுக்கால் அளவு ஓடும்போது குனிந்து அடியைப் பாருங்கள். மணலில் வரிவரியாக மேடுகள் தெரியும். தண்ணீர் வரும் பக்கம் சரிவு மெல்லியதாகவும், போகும் பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். மணல் மணிகள் உருண்டும் தத்தியும் மெல்லிய சரிவில் ஏறி, உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் சரிந்து விழும். பின்னால் வருபவை அவற்றை மூடும். இப்படியே அந்த மேடு முழுவதும் கீழ்நோக்கி நகர்கிறது. அடியில் புதைந்த மணி, மேடு தன்னைக் கடந்து போன பிறகு மீண்டும் வெளியே வந்து பயணத்தைத் தொடரும். அசையாமல் கிடப்பதாக நாம் நினைக்கும் மணல், உண்மையில் தவணை தவணையாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நீரின் வேகம் கூடினால் மணிகள் அடியை விட்டு எழும்பித் தண்ணீரோடு கலந்தே ஓடும். எந்த மணி முதலில் அசையும்? மிக நுண்ணியதுதான் என்று தோன்றும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935-இல் காட்டியது வேறு. எளிதில் கிளம்புவது நடுத்தர மணல். களிமண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் அதைப் பெயர்க்கக் கூடுதல் வேகம் வேண்டும். ஆனால் ஒருமுறை கலங்கிவிட்டால் மந்தமான நீரில்கூட அது வெகுதூரம் போகும். டெல்டா வயல்களில் வண்டல் வந்து படிந்ததும் இப்படித்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் நகரும் மணலும் இரண்டு மடங்குதான் என்று கணக்குப் போடக் கூடாது. அது எட்டு மடங்காகலாம், அதையும் தாண்டலாம். ஆகவே ஓராண்டு முழுவதும் நகரும் மணலில் பெரும்பகுதி சில நாள் வெள்ளத்திலேயே போய்விடும்.

வளைவுகளின் கதை தனி. வெளிக்கரை அரிபடும், உள்கரையில் திட்டு வளரும். கலக்கிய தேநீரில் இலைத்தூள் கோப்பையின் நடுவில் குவிவதைக் கொண்டு 1926-இல் இதை விளக்கியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். மேல்நீர் வெளிப்பக்கம் ஒதுங்க, அடிநீர் மணலைச் சுமந்துகொண்டு உள்பக்கம் திரும்புகிறது. அவருடைய மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஆற்று மணலின் நகர்வைக் கணக்கிடுவதையே வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார்.

இனி எங்கள் ஆற்றுக்கு வருகிறேன். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், கடலுக்குப் போகும் வழியும் நேரானது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே பாய்ந்தது. காவிரியில் நீர் குறைய வேகம் குறைந்தது. வேகம் குறைய, சுமந்து வந்த மணலைத் தலைப்பிலேயே, அதாவது பிரியும் இடத்திலேயே, போட்டுவிட்டது. படுகை மேடாக மேடாக, வரும் நீர் இன்னும் குறைந்தது. தஞ்சைப் பாசனமே தடுமாறிய நிலையில், ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டப்பட்டது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. காவிரிக்குப் போன கூடுதல் நீர் அதன் படுகையை அறுக்கத் தொடங்கியது. கடைசியில் காவிரியின் தலைப்பிலும் கட்டுமானம் எழுப்பி அதை அடக்க வேண்டியதாயிற்று. நீரையோ மணலையோ சரிவையோ ஓரிடத்தில் மாற்றினால் ஆறு தன் படுகையைத் திருத்திக்கொண்டே ஈடு செய்யும்.

மணல் குழியிலும் இதே கணக்குதான். மேலிருந்து நகர்ந்து வரும் மணல் குழியில் விழுந்து தங்கிவிடும். குழியைத் தாண்டிப் போகும் நீரில் சுமை இருக்காது. சுமையில்லாத நீர் கீழ்ப்பக்கப் படுகையை அரித்து எடுத்துக்கொள்ளும். மேல்பக்கமோ குழியின் விளிம்பு செங்குத்தாக இருப்பதால் அங்கே வேகம் கூடும். விளிம்பு இடிந்து இடிந்து அரிப்பு ஆற்றில் மேல்நோக்கி ஏறும். ஆக, குழி தூர்ந்தாலும் மேலும் கீழும் படுகை தாழ்ந்திருக்கும். இயற்கை ஈடு கொடுக்கட்டும் என்றால் புது மணல் வர வேண்டும். 1934-இல் மேட்டூர் அணையும், 1950-களில் பவானிசாகரும் அமராவதி அணையும் வந்த பிறகு மேலிருந்து வரவேண்டிய மணலில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களிலேயே படிந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்ததை லாரிகளில் ஏற்றிவிட்டு, வெள்ளம் வந்து நிரப்பும் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஓடும் ஆற்றில் அசையாமல் நின்றிருக்கிறீர்களா? குதிகாலைச் சுற்றி மணல் அரிபட்டுக் கால் மெல்லப் புதையும். காலில் மோதிய நீர் கீழே பாய்ந்து, சுழன்று, இருபுறமும் மணலை வாரிக்கொண்டு போகிறது. பாலத் தூணுக்கும் வெள்ளத்தில் நேர்வது இதுதான். தூண் நிற்பது அதைச் சுற்றியுள்ள மணலின் பிடிப்பால். படுகை ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் அந்தப் பிடிப்பில் ஒரு பகுதி வெள்ளத்துக்கு முன்பே போய்விட்டது என்று பொருள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், திருச்சியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்து ஒரு பகுதி இடிந்தது. சில நாட்களில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் கொள்ளைதான் காரணம் என்று ஒரு தரப்பும், கட்டுமானம் பழையது என்று மறுதரப்பும் வாதிட்டன. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது என் கருத்து. முதுமை எய்திய கட்டுமானத்துக்குத்தான் காலடி மணல் மிக அவசியம்.

உங்கள் ஊர் ஆற்றில் படுகை தாழ்ந்திருக்கிறதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். கோடையில் பாலத்தின் அடியில் போய்ப் பாருங்கள். தூணுக்குக் கீழே மணலுக்குள் புதைந்திருக்க வேண்டிய வட்டமான கிணற்று அடித்தளம் வெளியே தெரிந்தால், அதில் பழைய மணல் மட்டத்தின் கறைக்கோடும் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கோட்டிலிருந்து இன்றைய மணல் வரை அளந்துகொள்ளுங்கள். கரையோரக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று அங்குள்ள விவசாயிகளிடமும் கேளுங்கள். மணல் குவாரிக்கு அனுமதி பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், இந்த இரண்டு அளவுகளையும் எழுதிக் கொடுங்கள்.