மூன்று லில்லிகள் போதும்

கேள்வி: 1415ஆம் ஆண்டு அஜின்கோர்ட் போரில் பங்கேற்ற பிரெஞ்சு வீரர்களின் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறேன். ஓர்லியான் கோமகன் சார்லசின் சின்னத்தில் லில்லிப் பூக்களை நிறைத்து வரைய வேண்டுமா?

பதில்: வேண்டாம், மூன்றே போதும். நீலப் பரப்பெங்கும் பொன் லில்லிகளைத் தூவியதுபோல் வரைவது 1346ஆம் ஆண்டின் க்ரெசி போருக்குப் பொருந்தும். இவ்விரு போர்களுக்கும் இடையே ஆண்ட பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லசின் காலத்திலேயே அரச சின்னத்தில் பூக்கள் மூன்றாகக் குறையத் தொடங்கிவிட்டன. அரச குடும்பத்தவரான கோமகனுக்கு அந்த மூன்றின் மேல், மூன்று தொங்கல்கள் கொண்ட வெள்ளிப் பட்டை ஒன்றையும் சேர்க்க வேண்டும். 28 மில்லிமீட்டர் உருவத்தில் இது கையைச் சோதிக்கும் வேலை என்பதால், முதலில் மூன்று மஞ்சள் கோடுகளை நிமிர்த்தி இட்டு, அவை காய்ந்தபின் மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றின் இருபுறமும் இதழை வெளிப்புறமாக வளைத்து இழுங்கள். பளபளக்கும் பொன் வண்ணத்தைவிட மஞ்சளே தெளிவாகத் தெரியும் என்பது என் கருத்து.